கும்பிடு பூச்சி குழந்தையைக் கடித்தால் ஆபத்தா?

கேள்வி: பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வாசலைத் தாண்டினால் சம்பா வயல். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ராத்திரியானால் திண்ணை டியூப்லைட்டுக்குக் கும்பிடு பூச்சி வந்து உட்கார்ந்துவிடுகிறது. நேற்று என் ஐந்து வயது மகன் அதைக் கையில் பிடித்துவிட்டான். விரலில் பொட்டாக ரத்தம். "அது விஷப்பூச்சி, புல்லோடு மாடு தின்றால் மாடே செத்துப்போகும்" என்கிறார் மாமியார். அது குருவியைப் பிடித்துத் தின்கிற வீடியோ வேறு வாட்ஸ்அப்பில் வந்தது. நந்தியாவட்டைக் கிளையில் நுரை காய்ந்தது போல ஓர் உருண்டை ஒட்டியிருக்கிறது, அதுவும் இதன் முட்டைதான் என்கிறார்கள். எல்லாவற்றையும் ஸ்பிரே அடித்துக் கொன்றுவிடலாமா?

பதில்: கொல்ல வேண்டாம் அம்மா. முதலில் பையனின் விரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மனசு நிம்மதியாகட்டும்.

கும்பிடு பூச்சிக்கு விஷம் கிடையாது. குளவிக்கு இருப்பது போன்ற கொடுக்கு இல்லை, பூரானுக்கு இருப்பது போன்ற நச்சுப்பல்லும் இல்லை. உங்கள் மகனுக்கு ரத்தம் வந்தது பெரும்பாலும் அதன் முன்னங்கால் முள்ளால் இருக்கும். அந்தக் காலைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள், பாக்குவெட்டி போல மடங்கும். மடங்குகிற இரண்டு பகுதியிலும் உள்பக்கமாக வரிசையாக முட்கள். மடக்கினால் ஒரு வரிசை இன்னொன்றுக்குள் போய்ப் பொருந்தும். கும்பிடுகிற மாதிரி நமக்குத் தெரிவது, அந்தப் பாக்குவெட்டியை மடித்துத் தயாராக வைத்திருக்கிற நிலைதான். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் கண் இமைக்கும் நேரத்துக்குள் வீசிப் பிடித்துவிடும்.

விரலைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், போதும். மஞ்சளோ சுண்ணாம்போ அப்ப வேண்டாம். முள் கண்ணில் பட்டிருந்தால் மட்டும் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒருமுறை வயலில் வலை வீசிப் பூச்சி எண்ணிக்கொண்டிருந்தபோது, வலைக்குள் சிக்கிய ஒரு பெரிய பெண் பூச்சி என் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது. நெருஞ்சி முள் ஏறினாற்போல ஒரு சுருக். இழுக்கத்தான் கை போகும், இழுத்தால் முட்கள் இன்னும் அழுந்தும். கையை அப்படியே நெற்பயிரின் மேல் சாய்த்து வைத்தேன். கால் ஊன்ற இலை கிடைத்ததும் அதுவே விட்டுவிட்டுப் போய்விட்டது. பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்: பிடித்தால் உதறாதே, செடியில் கையை வை.

கடிக்கவே கடிக்காதா என்றால், வாயில் தாடை இருக்கிறது, முதுகைப் பிடித்து நசுக்கினால் கடிக்கப் பார்க்கும். தானாக மனிதனைத் தேடி வந்து கடிக்காது. பயந்தால் முதலில் மிரட்டும்: முன்னங்கால்களை அகல விரிக்கும், இறக்கையை விசிறி போலத் தூக்கும், உடம்பை நிமிர்த்தித் தன்னைப் பெரிதாகக் காட்டும். ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டால் அதுவே அடங்கிவிடும்.

வீடியோ பொய் என்று சொல்ல மாட்டேன். கும்பிடு பூச்சி பறவையைப் பிடித்த சம்பவங்களை உலகம் முழுவதிலுமிருந்து திரட்டி 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. 13 நாடுகளில் 147 சம்பவங்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டத்தில் பூவில் தேன் குடிக்க வந்த ரீங்காரச் சிட்டுகள். சில கிராம் எடைதான் இருக்கும். பக்கத்துக் கர்நாடகத்தில் ஒரு மாடித் தோட்டத்துத் தொட்டியில், ஒரே ஆண் பூச்சி ஐந்து நாள் தொடர்ந்து வந்து ஒன்பது கப்பி மீன்களைத் தின்றதை 2018-ல் பதிவு செய்திருக்கிறார்கள். தன் கைக்கு அடங்குகிற எது அசைந்தாலும் பிடிக்கும், அவ்வளவுதான் அதன் கணக்கு. உங்கள் பிள்ளை அந்தக் கணக்கில் வரமாட்டான்.

மாமியார் சொன்ன மாட்டு விஷயம். அவரைக் குறை சொல்ல வேண்டாம், மாடு திடீரென்று விழுந்தால் காரணம் தேடத்தான் செய்வோம். ஆனால் இந்தப் பூச்சியின் உடம்பில் மாட்டைக் கொல்லும் நச்சு எதுவும் இல்லை. மேய்ந்து வந்த மாடு நுரை தள்ளினால் வேறு இரண்டை விசாரியுங்கள். மருந்து தெளித்த வயலின் வரப்புப் புல்லை மேய்ந்ததா? பூ வராத இளம் சோளப் பயிரில் வாய் வைத்ததா? இளம் சோளத்தில் சயனைடு நச்சு உண்டு, நிமிடக் கணக்கில் மாட்டைச் சாய்க்கும். பூச்சி மேல் பழியைப் போட்டு உட்கார்ந்திருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம் போய்விடும்.

உங்கள் வீட்டு விளக்குக்கு அது ஏன் வருகிறது? சம்பா தூர் கட்டுகிற இந்தச் சமயத்தில் வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் வெளிச்சத்துக்குக் கிளம்பி வரும். அதற்குப் பந்தி விரித்தாற்போல. ஆண் பூச்சிகள் பெண்ணைத் தேடி ராத்திரியில்தான் பறக்கும், அவையும் வழியில் விளக்கைப் பார்த்து இறங்கிவிடும். பறக்கிறபோது வௌவாலிடமிருந்து தப்பிக்க அவற்றுக்கு ஒரு காது இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான், மார்பின் அடியில், பின்னங்கால்களுக்கு நடுவே. அமெரிக்க ஆய்வாளர்கள் 1986-ல்தான் அதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். நமக்குக் கேட்காத வௌவால் ஒலி அதற்குக் கேட்கும், கேட்டதும் தலைகுப்புற விழுந்து தப்பிக்கும்.

இப்போது நான் உண்மையிலேயே கவலைப்படுவதைச் சொல்கிறேன். அதே டியூப்லைட்டுக்குக் கீழே, சுவரில், எறும்பு மாதிரி ஒல்லியாக ஒன்று ஓடுகிறதா பாருங்கள். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு, நடுவில் கருநீலம், பிறகு ஆரஞ்சு, வால் நுனி மறுபடி கறுப்பு. பேடரஸ் என்கிற வண்டு அது. அதுவும் கடிக்காது. ஆனால் தோலின் மேல் வைத்து நசுக்கிவிட்டால் அதன் உடம்பு நீரில் இருக்கும் பெடெரின் என்ற நச்சு தோலைப் பொசுக்கும். உடனே தெரியாது. மறுநாள்தான் கோடு இழுத்தாற்போலச் சிவந்து, எரிந்து, கொப்புளம் கட்டும். பூரான் ஓடிவிட்டது, பல்லி எச்சம் பட்டுவிட்டது என்று மந்திரிக்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டு கழுத்தில் ஊர்ந்தால் அடிக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். பிள்ளை படுக்கும் பாயை விளக்குக்கு நேர் கீழே விரிக்க வேண்டாம். திண்ணைக்கு வெள்ளை டியூபை எடுத்துவிட்டு மஞ்சள் எல்இடி போட்டால் இரண்டு பூச்சியுமே குறையும்.

ஸ்பிரே வேண்டாம் என்பதற்கும் பிள்ளைதான் காரணம். கரப்பானுக்கு அடிக்கிற மருந்து தரையில் படியும். அந்தத் தரையில்தான் அவன் உட்கார்ந்து விளையாடுவான், கையை வாயில் வைப்பான். விஷமே இல்லாத ஒரு பூச்சிக்காக வீட்டுக்குள் விஷத்தைக் கொண்டுவருவானேன்? முறத்தை அதன் முன்னால் சாய்த்து வைத்து, பின்பக்கம் ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் தானே ஏறிக்கொள்ளும். வேலியில் விட்டுவிடுங்கள்.

விடுவதற்கு முன் பையனுக்கு அதன் முகத்தைக் காட்டுங்கள். கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிற பூச்சி மிகவும் குறைவு. பெரிய கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி, நாம் எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பார்ப்பது போலத் தெரியும். அது கண்மணி இல்லை. ஆயிரக்கணக்கான சின்னக் கண்கள் சேர்ந்த கண் அது. நமக்கு நேராக இருக்கிற சில மட்டும் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் உள்ளே வாங்கிக்கொள்வதால் கறுப்பாகத் தெரிகிறது. கிளையில் விட்டதும் முன்னும் பின்னும் ஆடும், காற்றில் இலை அசைவது போல. மத்துக் கயிறு இழுக்கிற மாதிரி இருப்பதால் தயிர்க்கடைப் பூச்சி என்றும் அதற்கொரு பெயர் உண்டு.

விவசாயிகளுக்கு இது நண்பனா என்று அடுத்துக் கேட்பீர்கள். நண்பன்தான், ஆனால் இதை நம்பிப் பயிர் வைக்க முடியாது. இலைச்சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சியைத் தின்னும், அதே பசியில் தேனீயையும் பட்டாம்பூச்சியையும் தின்னும். நெல்லில் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியை அடக்கி வைப்பதில் சிலந்திகளுக்குத்தான் பெரிய பங்கு. இருந்தாலும் வரப்பில் கும்பிடு பூச்சி நிறையத் தெரிகிற வயலில் மருந்து குறைவாகத்தான் அடித்திருப்பார்கள் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

மழைத் தொட்டியில் இது விழுந்து கிடந்து, பக்கத்தில் பழுப்பு நூல் மாதிரி ஒரு சாண் நீளப் புழு நெளிந்தால் பதறாதீர்கள். குதிரைமுடிப் புழு என்பார்கள். பூச்சிக்குள் வளர்ந்து, தண்ணீர் கண்டதும் வெளியே வரும். மனிதரிடம் ஒட்டிப் பிழைக்காது. அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுத் தொட்டியைக் கழுவிவிடுங்கள்.

நந்தியாவட்டை உருண்டை முட்டைக்கூடுதான். பெண் பூச்சி வயிற்று நுனியிலிருந்து நுரையை விட்டு அதற்குள் முட்டைகளை அடுக்கும், காற்றுப் பட்டதும் நுரை இறுகிவிடும். உள்ளே நூறுக்கு மேல்கூட இருக்கலாம். செடிக்கு எந்தக் கெடுதலும் இல்லை. கூட்டில் ஊசி குத்தியது போலச் சின்ன வட்டத் துளைகள் தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கொண்டு முட்டைகளைத் தின்றுவிட்டது என்று பொருள். துளை இல்லையென்றால் சில வாரங்களில் ஒரு காலையில் குஞ்சுகள் கூட்டிலிருந்து மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டு இறங்கும், கொசு அளவுதான் இருக்கும், பார்க்க எறும்பு போலவே. ஒரு நாளுக்குள் கலைந்து போய்விடும், ஒன்றையொன்று தின்பதும் உண்டு. பையனை எழுப்பிக் காட்ட விருப்பமென்றால் கூட்டை வீட்டுக்குள் கொண்டுவராமல் கிளையிலேயே விட்டுவைத்து, தினமும் விடிந்ததும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.