35 வயதுக்கு மேல் புதிய துறையில் இறங்கிச் சாதித்த பெண் யாராவது உண்டா?

உண்டு. அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரல் என்ற உயர் பதவி வரை உயர்ந்த கிரேஸ் ஹாப்பர்.

நான் பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, 34 வயதில்தான் பி.எட். சேர்ந்தேன். "இனிமே படிச்சு என்ன ஆகப் போகுது?" என்று சொந்தக்காரர்கள் கேட்காத நாளில்லை. அப்போது எனக்குத் துணையாக இருந்தது ஹாப்பரின் கதை.

அவரும் கணக்கு டீச்சர்தான். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, வாசர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேரப் போனார். வயது அதிகம் என்றார்கள். எடையும் ஏறக்குறைய 7 கிலோ குறைவு. விடவில்லை, தனி அனுமதி வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார். அப்போது வயது 37. பயிற்சியில் முதலிடம்.

அவரை அனுப்பிய இடம் கப்பல் இல்லை. ஹார்வர்டில் 51 அடி நீளத்துக்கு நின்ற மார்க் 1 என்ற கணிப்பொறி. அதுவரை அவர் கணிப்பொறியைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அவர் செய்ததிலேயே பெரியது என்று நான் நினைப்பது 1952-ல் எழுதிய கம்பைலர். மனிதர் எழுதும் கட்டளையை இயந்திரத்துக்குப் புரியும் எண்களாக அந்த நிரலே மாற்றிக் கொடுக்கும். கணிப்பொறி கூட்டிக் கழிக்கத்தான் செய்யும், இதெல்லாம் நடக்காது என்று சொல்லி யாரும் முதலில் தொடக்கூட இல்லையாம். அப்புறம் அவர் சாதாரண ஆங்கிலச் சொற்களால் எழுதும் ஒரு கணினி மொழியை உருவாக்க, அதை அடிப்படையாகக் கொண்டு 1959-ல் கோபால் (COBOL) என்ற கணினி மொழி வந்தது. வங்கிகளில் பல காலம் கணக்கு ஓடியது அந்த மொழியில்தான்.

1966-ல் வயதைக் காட்டி ஓய்வு கொடுத்தார்கள். அடுத்த வருடமே, ஆறு மாதம் வந்து வேலை பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அந்த ஆறு மாதம் 1986 வரை நீண்டது. கடைசியாக ஓய்வு பெற்றபோது வயது 79. அவர் பெயரில் ஒரு போர்க்கப்பலே இருக்கிறது.

கூட்டங்களில் பேசும்போது 30 செ.மீ. நீளக் கம்பித் துண்டுகளை எல்லோருக்கும் கொடுப்பாராம். ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நானோ விநாடி. அந்த நேரத்தில் ஒளி போகும் தூரம்தான் அந்தக் கம்பி. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வர ஏன் தாமதம் என்று கேட்கும் அதிகாரிகளுக்கும் அதைக் காட்டித்தான் விளக்குவார். நம் பிள்ளைகளின் அடிஸ்கேலும் அதே நீளம்!

நானும் தருமபுரியில் ஒரு எலக்ட்ரிக் கடையில் ஒயர் வாங்கி, வெட்டி, ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தேன். ஹாப்பர் சேர்ந்தபோது என்ன வயது என்பதையும் சொன்னேன். கணக்கு என்றாலே தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு பெண் மறுநாள் வந்து கேட்டாள்: "டீச்சர், இங்க இருந்து ஒகேனக்கல் வரைக்கும் இந்த ஒயர் எத்தனை வேணும்?"

இருவருமாகக் கரும்பலகையில் கணக்குப் போட்டோம்.