சுருள் தரையில் ஏறிய சிரிப்பு

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஊரில் ஒரு காபிக் கடை தொடங்கவிருக்கிறோம். கவிதை வாசிப்பு, நகைச்சுவை நிகழ்ச்சி என்று இளைஞர்கள் கூடும் இடமாக அது இருக்க வேண்டும். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. வேறு என்ன வேண்டும்?

கே., தென்காசி

அன்புள்ள கே.,

மேடை பிறகு வரட்டும். முதலில் ஒருநாள் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கட்டடம். தரை சுருளாக ஏறிக்கொண்டே போகும். சுவரை ஒட்டிப் பதித்த மேஜைகள். கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவருக்கு எதிரில்தான் இடம் கிடைக்கும்.

நாகர்கோவில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு மழை மாலையில், என் எதிரே ஒரு பெரியவரும் அவருடைய பேத்தியும் உட்கார்ந்தார்கள். அங்கே மசாலா தோசைக்குள் பீட்ரூட் இருக்கும். தாத்தா தோசையைப் பிரித்ததும் அந்தச் சிவப்பைப் பார்த்த குழந்தை, “தாத்தா, தோசைக்கு அடிபட்டுவிட்டதா?” என்றாள். விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் தட்டோடு நின்று சிரித்தார். மேல் மேஜைக்காரர் என்னவென்று கேட்டார். அவருக்கும் மேலே இருந்தவர் அவரிடம் கேட்டார். சிரிப்பு படிப்படியாக மேலே ஏறிப்போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் பெரியவரும் நானும் பேசிய பேச்சில் இரண்டு பஸ்கள் போய்விட்டன.

அரசின் காபி போர்டு 1950களில் தன் கடைகளை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் கொடுத்த ஊக்கத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957 முதல் தாங்களே நடத்தத் தொடங்கிய கடைகள்தான் இந்த இந்தியன் காபி ஹவுஸ்கள். உங்கள் கடையிலும் பரிமாறுகிறவர்களுக்குப் பங்கு கொடுக்க முடியுமா என்று பாருங்கள். சொந்தக் கடை என்றால் வாடிக்கையாளரின் முகம் நினைவில் நிற்கும், பேச்சும் வளரும்.

கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் பால் சேர்க்காத ‘இன்ஃப்யூஷன்’ ஒரு கோப்பை வாங்கிவிட்டு மணிக்கணக்கில் அட்டா அடிப்பார்கள். எந்த முடிவுக்கும் வர வேண்டிய கட்டாயமில்லாத பேச்சுக்கு வங்காளிகள் வைத்த பெயர் அது. எத்தனையோ சிற்றிதழ்களுக்கு அங்கேதான் திட்டம் போட்டார்கள். சுற்றிலும் கல்லூரியும் புத்தகக் கடைகளும் இருந்தது ஒரு காரணம். யாரையும் எழுந்துபோகச் சொல்லாதது அதைவிடப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே, ஒரு காபியின் விலை மாணவனின் கைக்கு எட்டட்டும். பாட்டுச் சத்தம் வேண்டாம். குடித்து முடித்தவரிடம் பில்லை நீட்டாதீர்கள். ஆறு மாதம் கழித்து, எந்த மேஜையில் அதிகம் சிரிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர்களை மேடைக்குக் கூப்பிடுங்கள்.

திறக்கும் தேதியை எழுதுங்கள். சாரல் காலமென்றால் கட்டாயம் வருகிறேன்.