பழைய காரில் கூலன்ட் கசிவு: செலவு செய்யலாமா?

காருக்கு 14 வயது, வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது, தண்ணீர் ஊற்றியே ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வெறும் தண்ணீர் உள்ளே துருவேற்றும், கொதிநிலையும் குறையும். ஒருமுறை இன்ஜின் கொதித்து அலுமினிய ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) வளைந்துவிட்டால், இன்று சில நூறில் முடிகிற வேலை பல ஆயிரத்துக்குப் போய்விடும்.

முதலில் எங்கே கசிகிறது என்று பாருங்கள். முடிவு அதில்தான் இருக்கிறது. காலையில், இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். ஹோஸ் முனையில், கிளிப்பை ஒட்டி, உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் அங்கேதான் கசிவு. ஹோஸ், கிளிப், ரேடியேட்டர் மூடி என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்றாலும் இன்னும் இரண்டு வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் செய்யலாம். பம்ப்பை டைமிங் பெல்ட் சுழற்றுகிற வண்டியானால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையென்றால் அதே இடத்தைப் பிரிக்க இரண்டு முறை கூலி.

வெளியே ஈரமே இல்லாமல் கூலன்ட் குறைகிறதா? சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா? அப்படியானால் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் மேல்தான் சந்தேகம். மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அடுத்த வருடம் காருக்கு 15 வயது முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும் செலவும் வரும். கேஸ்கெட் செலவும் இதுவும் சேர்ந்து வண்டி விலையில் பாதியைத் தொட்டால், நான் விற்றுவிடுவேன்.