பழைய வீடியோ கேம்களுக்கு நம்பகமான விலைப் பட்டியலைத் தயாரிப்பது எப்படி?

சேகரிப்பாளர்கள் தேடும் பழைய வீடியோ கேம்களுக்கு, வாங்குபவரும் விற்பவரும் ஒருசேர நம்பக்கூடிய விலைப் பட்டியலை எதை அடிப்படையாக வைத்து உருவாக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டென்டோவின் பழைய கேட்ரிட்ஜ்கள் (கருவியில் செருகி ஆடும் கேம் அடங்கிய பிளாஸ்டிக் வில்லைகள்) அமெரிக்கச் சந்தையில் என்ன விலைக்குப் போகின்றன என்று பதினோரு ஆண்டுகளாகக் குறித்து வருகிறேன். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

சொல்கிற விலையைப் பட்டியலில் ஏற்றவே கூடாது. படிந்த விலைதான் விலை. இபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் ஒரு கேட்ரிட்ஜுக்கு 300 டாலர் கேட்டு வைத்திருப்பார்கள். இரண்டு வருடமானாலும் அது அங்கேயே கிடக்கும். அதே கேட்ரிட்ஜ் இன்னொரு பக்கம் 110 டாலருக்குக் கைமாறிக்கொண்டிருக்கும். விற்று முடிந்தவற்றை மட்டும் தேடிப் பார்க்கும் வசதி அங்கே உண்டு, ஆனால் வழக்கமான தேடலில் சுமார் 90 நாள் விற்பனைதான் கிடைக்கும். எனவே வாரம் ஒருமுறை உட்கார்ந்து நீங்களே எழுதி வைக்க வேண்டும். பேரம் பேசி விற்றவற்றில், முதலில் கேட்ட விலையைக் கோடிட்டு அடித்துக் காட்டுவார்கள். எந்தத் தொகைக்குப் படிந்தது என்பது அங்கே தெரியாது. அவற்றை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. தபால் செலவையும் கூட்டியே எழுதுகிறேன், ஏனென்றால் வாங்குபவர் கையிலிருந்து போவது மொத்தத் தொகைதான்.

அடுத்தது பொருளின் நிலை. பெரும்பாலான பட்டியல்கள் தடுமாறுவது இங்கேதான். வெறும் கேட்ரிட்ஜ், பெட்டியும் கையேடும் சேர்ந்த முழுத் தொகுதி, பிரிக்காத புதுப் பெட்டி என்ற மூன்று பிரிவுகளைச் சேகரிப்பாளர்கள் எல்லோருமே ஏற்கிறார்கள். ஆனால் ‘முழுத் தொகுதி’ என்றால் என்ன? 1995இல் அமெரிக்காவில் வெளிவந்த எர்த்பவுண்ட் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அது சூப்பர் நின்டென்டோ கருவிக்கான வழக்கமான கேம் பெட்டியைவிடப் பெரிய பெட்டியில், ஒரு வழிகாட்டிப் புத்தகத்துடன் வந்தது. அந்தப் புத்தகத்தின் கடைசியில், சுரண்டினால் வாசனை வரும் அட்டைகள் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நான் முழுத் தொகுதிக்கான விலை கொடுத்து ஒன்று வாங்கினேன். பெட்டியின் முனைகள் மடங்கவில்லை, கேட்ரிட்ஜ் பளிச்சென்று இருந்தது. புத்தகத்தைக் கடைசிவரை புரட்டினேன். அட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் கிழித்த விளிம்பு மட்டும் பல் பல்லாக நின்றது. விற்றவரைக் கேட்டால், “பெட்டி இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எது முழுமை என்று எழுதி வைத்த ஒரு பட்டியல் எங்கள் இருவருக்கும் பொதுவாக இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அன்று முதல் ஒவ்வொரு கேமுக்கும் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை எழுதி முடித்த பிறகுதான் விலையைத் தொடுகிறேன். இந்த வேலை விலையைத் திரட்டுவதைவிட அதிக நேரம் எடுக்கும். ஆனால் பட்டியலின் மதிப்பில் பாதி அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

விலைகளைத் திரட்டியபின் சராசரி போடாதீர்கள். 40, 42, 45, 47, 160 என்று ஐந்து விற்பனைகள் இருந்தால் சராசரி ஏறக்குறைய 67 டாலர். அந்த விலைக்கு யாருமே வாங்கவில்லை! வரிசையாக அடுக்கி நடுவில் நிற்கும் 45ஐ எடுங்கள். பிறகு அந்த 160ஐத் திறந்து படத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பெட்டியோடு விற்றதையோ நான்கைந்து கேம்களைச் சேர்த்து விற்றதையோ யாராவது தவறான தலைப்பில் போட்டிருப்பார்கள்.

அரிய கேம்களில் இந்த முறை உதவாது. 1987இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட ஸ்டேடியம் ஈவன்ட்ஸ், கால் வைத்து ஆடும் விரிப்பில் ஆடுவதற்கான கேம். அந்த விரிப்பை நின்டென்டோ தன் பெயரில் எடுத்துக்கொண்டதும் பழைய பெயரில் வந்த கேம் சந்தையிலிருந்து மறைந்தது. ஏறத்தாழ அதே கேம் வேர்ல்டு கிளாஸ் டிராக் மீட் என்ற புதிய பெயரில் வந்தது. அது இன்றும் சில டாலருக்குக் கிடைக்கிறது. 1990ஆம் ஆண்டின் நின்டென்டோ உலகப் போட்டிக்கான கேட்ரிட்ஜ்களோ சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26 மட்டுமே வழங்கப்பட்டன. இவற்றுக்கு ஒற்றை எண்ணை விலையாக எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும். கடைசியாக எப்போது, எந்த நிலையில், எவ்வளவுக்கு விற்றது என்று மட்டும் எழுதுங்கள். மற்ற கேம்களுக்கும் விலைக்குப் பக்கத்தில் எத்தனை விற்பனையிலிருந்து அது வந்தது என்ற கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஏல விலைகளில் கூடுதல் கவனம் தேவை. 2021 ஜூலையில் ஹெரிடேஜ் என்ற ஏல நிறுவனத்தில் பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. தரச்சான்று நிறுவனம் அதற்கு 10க்கு 9.8 மதிப்பெண் கொடுத்திருந்தது. அந்தத் தொகையில் 13 லட்சம்தான் ஏலத்தில் கேட்ட தொகை. மீதி, அந்த 13 லட்சத்தில் 20 சதவீதமாக ஏல நிறுவனம் வாங்குபவரிடம் பெறும் கட்டணம். இரண்டில் எதை எழுதுகிறீர்கள் என்பதைப் பட்டியலின் தலையிலேயே சொல்லிவிடுங்கள். அது அரிய கேமும் அல்ல. ஒரு கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்ற கேம், வெறும் கேட்ரிட்ஜாக அப்போதும் சில பத்து டாலருக்குக் கிடைத்தது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் பலர் பரணில் கிடந்த கேட்ரிட்ஜை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். பிரிக்காத பெட்டியின் விலையையும் வெறும் கேட்ரிட்ஜின் விலையையும் ஒரே வரியில் கலக்கும் பட்டியல் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் தீங்கு செய்கிறது.

போலிகளையும் மறக்க வேண்டாம். கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கான போக்கிமான் எமரால்டில் போலிகள் ஏராளம். கேட்ரிட்ஜின் அடிப்புறத் திறப்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து டார்ச் அடித்தால், அசலில் தங்கநிறத் தொடுமுனைகளுக்குச் சற்று மேலே உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையில் நின்டென்டோ என்ற எழுத்து பொடியாகத் தெரியும். படத்தில் சந்தேகம் எழும் விற்பனைகளை நான் நீக்கிவிடுகிறேன். போலி மலிவாக விற்க, அசலின் விலை இறங்கியதுபோல் பட்டியல் காட்டினால் யாருக்கு என்ன பயன்?

ஒரே கருவிக்கான ஐம்பது கேம்களோடு தொடங்குங்கள். எதை நீக்குவது என்ற விதிகளை விலைகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒருமுறை என்னிடமே இருந்த கேமின் விலையைக் கணக்கிட்டபோது, குறைந்த விலைக்குப் போன இரண்டு விற்பனைகளை “படம் தெளிவாக இல்லை” என்று நீக்கியிருந்தேன். அதே அளவு மங்கலான படத்தோடு அதிக விலைக்குப் போனதை விட்டு வைத்திருந்தேன். மறுநாள் திரும்பப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. இரண்டையும் திரும்பச் சேர்த்தேன், விலை இறங்கியது. அதன்பிறகு, என் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு கேமின் பெயருக்கு எதிரேயும் ‘பட்டியலாளரிடம் பிரதி உண்டு’ என்று குறித்து வருகிறேன். வாசனை அட்டை கிழிந்த அந்த எர்த்பவுண்டுக்கும் அந்தக் குறிப்பு இருக்கிறது.