இதய வால்வு சுருங்கினால் குடலில் ரத்தம் கசியுமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே வசிக்கும் என் தாயாருக்கு வயது 72. ஓராண்டில் மூன்று முறை ரத்தம் ஏற்றியும் ஹீமோகுளோபின் மறுபடி 7-க்கு இறங்கிவிடுகிறது. எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி இரண்டிலும் புண் எதுவும் தெரியாததால், மூலம் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். இப்போது எக்கோவில், இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வழியிலுள்ள அயோர்ட்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். இவை வெவ்வேறு நோய்களா? ரத்தம் கசிகிறவருக்கு வால்வு அறுவை சிகிச்சை செய்யலாமா?

பதில்: இரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாக இருக்க வாய்ப்புண்டு. இந்தத் தொடர்பை அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஹெய்ட் 1958-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். அவர் பெயராலேயே இது ஹெய்ட் நோய்க்குறித் தொகுப்பு எனப்படுகிறது. அதன் காரணம் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

வாய்க்கால் மதகின் பலகையை அரைச் சாண் மட்டும் தூக்கிவிட்டால் அந்தச் சந்தில் தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சீறும் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் மாட்டிய வைக்கோற்பிரி நார்நாராகிவிடும். ரத்தம் உறைவதற்கு உதவும் வான் வில்லிபிராண்ட் காரணி என்னும் புரதமும் அத்தகைய நீண்ட பிரிதான். வழக்கமாக 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும் வால்வு 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கும்போது, அந்தச் சந்தின் வேகத்தில் புரதத்தின் மடிப்பு விரிந்து, ரத்தத்திலுள்ள நொதி ஒன்று அதைத் துண்டாக்கிவிடுகிறது. முதியவர்களின் குடற்சுவரில், குறிப்பாகப் பெருங்குடலின் வலப்பக்கத்தில், மெல்லிய ரத்தக்குழாய்கள் பின்னிப் புடைத்திருப்பதுண்டு. இந்தப் புரதக் குறைபாடும் சேர்ந்தால் அவை கசியத் தொடங்கும், எளிதில் நிற்காது. தட்டணுக்களின் எண்ணிக்கையும் வழக்கமான உறைதல் பரிசோதனைகளும் சரியாகவே இருக்கக்கூடும் என்பதால் இது நழுவிப்போகிறது.

மூலம் என்று முடிவுகட்டியது எனக்கு உடன்பாடில்லை. மூலத்தில் வருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ரத்தம். கசிவு சிறுகுடலில் இருந்தால் மேற்சொன்ன இரு சோதனைகளும் அங்கே எட்டாது. மாத்திரை வடிவக் கேமராவை விழுங்கவைத்துப் பார்க்கும் கேப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பி தேவைப்படலாம். நாற்றங்கால் சேற்றில் வெறுங்காலுடன் நின்று பழகியவர் என்றால், குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவுக்கு மலப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். மூட்டுவலிக்காக அவர் தாமாக வாங்கி விழுங்கும் மாத்திரைகளையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கசியும் இடத்தைச் சூடிட்டு அடைத்தாலும் இன்னொரு இடத்தில் கசியலாம். வால்வை மாற்றிய பிறகு அந்தப் புரதம் சில நாட்களுக்குள் தேறிவிடுகிறது. பெரும்பாலோருக்குக் கசிவும் நிற்கிறது. ஆகவே உங்கள் தாயாருக்குக் கசிவே வால்வை மாற்றுவதற்கு ஒரு காரணமாகலாம். உலோக வால்வு பொருத்தினால் ஆயுள் முழுவதும் உறைதலைத் தடுக்கும் மருந்து வேண்டும். இவருக்கு அது ஆபத்து. இந்த வயதில், விலங்குத் திசுவால் செய்த திசு வால்வே பொருத்தம். அதைத் தொடை ரத்தக்குழாய் வழியாகவும் பொருத்த முடியும். அதன் பின்னரும் ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரை தருவார்கள் என்பதால், கசிவின் முழு வரலாற்றையும் இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் சேர்ந்து பார்க்கும்படி கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அது தார் போல் பிசுபிசுத்துத் துர்நாற்றம் வீசினால், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.