வாசகர் கேள்வி – முதலீட்டுப் பகுதி

கேள்வி: டல்லாஸில் எச்-1பி விசாவில் பணிபுரிகிறேன். எனக்கும் மனைவிக்கும் சேர்த்து ஆண்டு வருமானம் 2,70,000 டாலர். 401கே ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் 3,80,000, பங்குகளில் 3,00,000, கோவையில் உள்ள மனை 1,50,000, குடியிருக்கும் வீட்டில் கடன் போக 2,50,000 டாலர் இருக்கின்றன. 200 வீடுகள் கொண்ட ஓர் அபார்ட்மென்ட்டை வாங்கும் சிண்டிகேஷனில் (பலர் பணம் சேர்த்துச் சொத்து வாங்கும் கூட்டு முதலீட்டில்) 75,000 டாலர் போடும்படி நண்பர் அழைக்கிறார். நான் 'அக்ரெடிட்டட் இன்வெஸ்டர்' (இத்தகைய தனியார் முதலீடுகளில் சேரச் சொத்து, வருமானம் போன்றவற்றால் தகுதி பெற்றவர்) ஆவேனா?

பதில்: உங்கள் கூட்டல்படி 10,80,000 டாலர் வருகிறது, சட்டத்தின் கூட்டல்படி 8,30,000 டாலர்தான். நிகரச் சொத்து 10 லட்சம் டாலரைத் தாண்ட வேண்டும் என்ற விதியில், குடியிருக்கும் வீட்டைச் சேர்க்கக் கூடாது என்று 2010-இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டம் சொல்லிவிட்டது. கோவை மனை உங்கள் பெயரில் இருந்தால் தாராளமாகச் சேரும். பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து என்றால் உங்கள் பங்கை மட்டுமே சேர்க்க முடியும். வீட்டின் மீது புதிதாகக் கடன் வாங்கி அந்தப் பணத்தைச் சொத்தாகக் காட்டலாமே என்று தோன்றலாம். முதலீட்டுக்கு முந்தைய 60 நாள்களுக்குள் வாங்கிய அத்தகைய கடனைப் பொறுப்பாகக் கழிக்க வேண்டும் என்று விதியே முந்திக்கொண்டு அடைத்துவிட்டது. தனியாக 2,00,000 அல்லது தம்பதியாக 3,00,000 டாலருக்கு மேல் வருமானம் என்பது மற்றொரு வழி. உங்களில் ஒருவரின் வருமானம் மட்டுமே 2,00,000-ஐத் தாண்டினால் அவருக்கு அந்த வழி திறக்கும். இல்லையென்றால், சேர்த்து 2,70,000 என்பதால் அதற்கும் நீங்கள் எட்டவில்லை. சீரீஸ் 65 போன்ற முதலீட்டுத் துறை உரிமத்தை நடப்பில் வைத்திருப்பவர்களுக்கு 2020-இல் திறந்த வழி உங்களுக்குப் பொருந்தாது என்று கொள்கிறேன்.

இந்தத் தகுதிக்கு எந்த அலுவலகமும் சான்றிதழ் தருவதில்லை. குடியுரிமையோ விசாவோ இதில் குறுக்கிடுவதும் இல்லை. தனியார் முதலீட்டுத் திட்டங்களுக்கான விதிகளில் 506(பி) பிரிவில் இந்தத் திட்டம் வந்தால், விளம்பரம் செய்யாமல், விவரம் அறிந்த, ஆனால் தகுதி பெறாத 35 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் அவர்களுக்குக் கூடுதல் ஆவணங்கள் தர வேண்டியிருப்பதால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். வெளிப்படையாக விளம்பரம் செய்யும் 506(சி) பிரிவு என்றால் உங்களுக்கு இடமே இல்லை. அங்கே உங்கள் தகுதியைச் சரிபார்க்க வேண்டும்; பொதுவாக வரிப் படிவங்களையோ கணக்காளரின் கடிதத்தையோ கேட்பார்கள். எந்தப் பிரிவு என்பதை, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் அந்நிறுவனம் தாக்கல் செய்த 'ஃபார்ம் டி' காட்டும். முதல் விற்பனைக்குப் பின் 15 நாள்களுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், புதிய திட்டமாக இருந்தால் நடத்துபவரிடமே கேளுங்கள். நண்பர் சொல்கிறார் என்பதற்காகப் படிவத்தில் 'ஆம்' என்று மட்டும் குறித்துவிடாதீர்கள்.

தகுதி இருந்திருந்தாலும் நான் முதலில் கேட்டிருப்பது கட்டடத்தின் கடன் நிலையான வட்டியா, மாறும் வட்டியா என்பதைத்தான். 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த ஃபெடரல் ரிசர்வ் வட்டி 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்கு ஏறியபோது, மாறும் வட்டியில் கடன் வாங்கிய சிண்டிகேஷன்கள் பல லாபப் பங்கை நிறுத்தின. சில, முதலீட்டாளர்களிடம் மேலும் பணம் கேட்டன. சில கட்டடங்கள் கடன் கொடுத்தவர் கைக்கே போயின. போட்ட பணம் பொதுவாக ஐந்து ஆண்டுகளாவது முடங்கும். இடையில் விற்க வழியில்லை. தேய்மானத்தால் 'கே-1' என்ற வரிப் படிவத்தில் உங்கள் பங்காகக் காட்டப்படும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்களைப் போன்ற முழுநேரப் பணியாளருக்கு அது பெரும்பாலும் நடவாது.

இன்னொன்று: வெறும் முதலீட்டாளராக இருப்பதை எச்-1பி தடுக்காது. நண்பருக்காக நீங்களும் ஆள் சேர்க்கக் கிளம்பினால் அது வேலையாகிவிடும்.

கேள்வி: எங்கள் இருவரின் வருமானம் சென்ற ஆண்டு 3,40,000, அதற்கு முந்தைய ஆண்டு 2,80,000 டாலர். அக்ரெடிட்டட் இன்வெஸ்டர் ஆக இந்தச் சராசரி போதுமா? (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: போதாது. இருவரின் கூட்டு வருமானம் இரண்டு ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டிலும் 3,00,000-ஐத் தாண்டியிருக்க வேண்டும். நடப்பாண்டிலும் தாண்டும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு வேண்டும். நிறுவனப் பங்குகள் கைக்கு வந்த ஆண்டில் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தில் சேர்ந்திருந்தால் அவையும் வருமானமே.