கலைக்களஞ்சியத்தில் நாமும் எழுதலாமா?

தமிழ் விக்கிப்பீடியாவில் தன்னார்வலராகப் பங்களிப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும்

பெரியசாமித் தூரன் தலைமையில் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் துறை வல்லுநர்கள் எழுதினார்கள். விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிறார்கள். என்னைப் போன்ற ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கு அங்கே இடம் உண்டா? யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?
– வாசகர், திருவாரூர்

ஐயா, விண்ணப்பமும் நியமனமும் கிடையா, ஊதியமும் கிடையாது. கணக்குத் தொடங்காமலே ஒரு பிழையைத் திருத்திவிட முடியும். ஆயினும் கணக்குத் தொடங்கிக்கொள்வது நல்லது. உங்கள் திருத்தங்கள் எல்லாம் ஒரே பெயரின்கீழ் நிற்கும், பிறர் உங்களோடு உரையாடவும் வழி இருக்கும். உண்மைப் பெயர் கட்டாயமன்று, புனைபெயரே போதும்.

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. தமிழ்ப் பதிப்பு 2003இல் தோன்றியது. அதன் தொடக்க ஆண்டுகளில் பெரும் உழைப்பைத் தந்த இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். தமிழாசிரியரோ பேராசிரியரோ அல்லர். ஒரு லட்சமாவது கட்டுரையைத் தமிழ் விக்கிப்பீடியா 2017ஆம் ஆண்டு எட்டியது. அவற்றில் பெரும்பாலானவை வெவ்வேறு தொழில்களில் இருந்தவர்கள் ஓய்வு நேரத்தில் எழுதியவை.

நீங்கள் சுட்டிய வேறுபாடு உண்மையானது; அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம். தூரனின் கலைக்களஞ்சியத்தை நாம் நம்பியது, எழுதியவர்களின் புலமையைக் கருதி. விக்கிப்பீடியாவிலோ எழுதுபவர் யார் என்பதை வாசகர் அறியமாட்டார். ஆகவே ஒவ்வொரு செய்தியும் எந்த நூலில், எந்தப் பக்கத்தில் உள்ளது என்று காட்டப்பட வேண்டும். 'எனக்குத் தெரியும்' என்பது அங்கே சான்றாகாது. இதனால் உங்கள் புலமை வீணாகிவிடும் என்று எண்ண வேண்டாம். தொல்காப்பியத்துக்கு எந்த உரையை எடுத்துப் பார்க்க வேண்டும், எந்தப் பதிப்பு நம்பத்தக்கது என்பதெல்லாம் பல்லாண்டு படித்தவருக்குத்தான் உடனே தெரியும். சான்றில்லாமல் கிடக்கும் இலக்கியக் கட்டுரைகளுக்கு மிகவும் தேவைப்படுவது அந்த அறிவுதான்.

ஒரேயொரு வேண்டுகோள்: புதிய கட்டுரையோடு தொடங்காதீர்கள். உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பொருள் பற்றி ஏற்கெனவே உள்ள கட்டுரையைத் திறந்து, ஒரு சந்திப்பிழையைத் திருத்துங்கள். அடுத்து, சான்று இல்லாத ஒரு வாக்கியத்துக்கு நூலும் பக்க எண்ணும் சேருங்கள். எழுதிப் பழக 'மணல்தொட்டி' என்ற தனிப்பக்கம் ஒவ்வொரு பயனருக்கும் உண்டு.

உத்திரமேரூர் பற்றிய கட்டுரை ஒன்றில், 'உலகிலேயே முதன்முதலில் மக்களாட்சித் தேர்தல் நடந்த ஊர் இதுவே. தமிழனின் பெருமைக்கு ஈடு இணை உண்டோ!' என்று சேர்த்தேன். மற்றொரு பயனர் அதை நீக்கிவிட்டார். நம் பெருமையை நாமே சொல்லக் கூடாதா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, முதல் திருத்தமே நீக்கப்பட்டால் மனம் வாடுவது இயல்புதான். ஆனால் அந்தப் பயனர் சரியாகவே செய்திருக்கிறார். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் புதிதாக வருபவர்கள் விட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உங்கள் வாக்கியத்தின் பிற்பகுதி செய்தி அன்று, உணர்ச்சி. முற்பகுதி செய்தி போலத் தோன்றினாலும் நிலைக்காது. ஏதென்ஸ் நகரில் குலுக்கல் முறையில் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தது உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. மேலும், அக்கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறை என்பது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுப்பது. இன்றைய பொருளில் வாக்களிப்பு அன்று. போட்டியிடத் தகுதி பெற்றவர்களும் ஊரார் அனைவரும் அல்லர். அது ஒரு பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின், சபை. வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது, வேதக் கல்வி ஆகியவை வேண்டும் என்று கல்வெட்டே சொல்கிறது.

அப்படியானால் என்ன எழுதியிருக்கலாம்? 'இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள, முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) கல்வெட்டுகள், சபையின் வாரியங்களுக்கு (செயற்குழுக்களுக்கு) உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பதற்கான விதிகளைக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாக (பகுதிகளாக) பிரிக்கப்பட்டிருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினரும் தகுதியற்றவர்கள்.' இப்படி எழுதி, கல்வெட்டின் பதிப்பையோ அதை ஆராய்ந்த வரலாற்று நூலையோ பக்க எண்ணுடன் மேற்கோளாகக் காட்டியிருந்தால் நீக்கப்பட்டிருக்க வாய்ப்பில்லை. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்லன், அவன் உறவினரும் பொறுப்புக்கு வரக் கூடாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்த ஊர் என்பதைப் படிக்கும் எவரும் வியக்கவே செய்வார். வியப்புக்குறியை நாம் போட்டுத் தர வேண்டியதில்லை. நடுநிலை நோக்கு என்று விக்கிப்பீடியா வலியுறுத்துவது இதைத்தான்.

இனி, நடைமுறை. கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தைத் திறந்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதும், அவர் குறிப்பு எழுதியிருந்தால் அதுவும் தெரியும். விளக்கம் போதவில்லை என்றால் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் பணிவாகக் கேளுங்கள். நீக்கியதை உடனே மீண்டும் சேர்ப்பதும், அவர் மீண்டும் நீக்குவதுமாகப் போட்டியில் இறங்காதீர்கள். அவ்வாறு தொடர்ந்து செய்பவரின் கணக்கு தடை செய்யப்படலாம். பொதுவான ஐயங்களுக்கு 'ஒத்தாசைப் பக்கம்' உண்டு. கொள்கை பற்றிய விவாதங்கள் 'ஆலமரத்தடி' என்ற பக்கத்தில் நடைபெறும்.

எங்கள் ஊரில் வாழ்ந்து மறைந்த நாட்டுக்கூத்து அண்ணாவியார் (கூத்துப் பயிற்றுவிக்கும் ஆசான்) ஒருவரைப் பற்றி எழுத ஆசை. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைத் தவிர வேறு ஆதாரம் கையில் இல்லை. என்ன செய்வது?
– வாசகி, யாழ்ப்பாணம்

அம்மா, உங்கள் கேள்வியில் உள்ள தவிப்பு எனக்குப் புரிகிறது. அச்சில் ஏறாத வாழ்க்கைகள் நம் மண்ணில் ஏராளம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, இருந்த பதிவுகளிலும் எத்தனையோ அழிந்தன. ஆயினும் வாய்மொழிச் செய்தியை நேரே கலைக்களஞ்சியக் கட்டுரையாக்க விக்கிப்பீடியா இடம் தருவதில்லை. மற்றொருவர் சரிபார்க்க வழி இல்லை என்பதே காரணம்.

முதலில் நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். 2005இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஈழத்து நூல்களோடு நாளிதழ்கள், சிற்றிதழ்கள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் ஆகியவற்றையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. நாடக விழாச் சிறப்பு மலரிலோ பழைய பத்திரிகைச் செய்தியிலோ அவர் பெயர் இருக்கக்கூடும். அந்தியேட்டி என்னும் நீத்தார் சடங்கன்று குடும்பத்தார் வெளியிடும் நினைவு மலரும் உதவும். ஆனால் அதிலிருந்து பிறந்த தேதி, பெற்றோர் பெயர் போன்ற விவரங்களை மட்டும் எடுங்கள். அவர் சிறந்த கலைஞர் என்பதற்கு, குடும்பத்துக்கு வெளியே உள்ள எவரேனும் எழுதியது வேண்டும்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால், பெரியவர்கள் உயிருடன் இருக்கும்போதே அவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். அவருடன் ஆடியவர்களின் பெயர், எந்த ஊரில் எந்தக் கூத்து ஆடினார் என்பதை எல்லாம் கேட்டு, நல்ல இதழொன்றுக்குக் கட்டுரையாக எழுதி அனுப்புங்கள். ஆசிரியர் குழு ஆராய்ந்து வெளியிட்ட பின், அதை மேற்கோளாகக் கொண்டு வேறொருவர் விக்கிப்பீடியாவில் எழுத இயலும். சுற்று வழிதான், ஆனாலும் இதுவே நிலைத்து நிற்கும் வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

நான் வெளியிட்ட கவிதைத் தொகுப்பைப் பற்றி நானே கட்டுரை எழுதலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். தம்மைப் பற்றியும், தம் நூல், நிறுவனம், உறவினர் பற்றியும் எழுதுவதை விக்கிப்பீடியா ஊக்குவிப்பதில்லை. ஏற்கெனவே கட்டுரை இருந்து அதில் பிழை கண்டால், உரையாடல் பக்கத்தில் சான்றுடன் தெரிவியுங்கள், பிறர் திருத்துவார்கள்.

கட்டுரை எழுத வராது. ஆனால் கோயில்களைப் படம் எடுப்பேன். அது பயன்படுமா?
– வாசகர், கும்பகோணம்

மிகவும் பயன்படும். நீங்களே எடுத்த படங்களை விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால், தமிழ் மட்டுமின்றி எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் அவற்றைப் பயன்படுத்தலாம். அவ்வாறு ஏற்றும்போது, உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எவரும், வணிக நோக்கிலும்கூட, பயன்படுத்தலாம் என்ற உரிமத்தை நீங்கள் அளிக்கிறீர்கள். இதற்கு மனம் ஒப்பினால் மட்டும் ஏற்றுங்கள். நாளிதழிலிருந்தோ முகநூலிலிருந்தோ எடுத்த படங்கள் பிறர் உரிமை, அவற்றைத் தொடாதீர்கள்.

கோபுரத்தின் முழுத்தோற்றம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அரிதாகக் கிடைப்பவை தூணில் உள்ள சிற்பம், அதிட்டானத்தில் (கோயிலின் அடித்தளத்தில்) உள்ள கல்வெட்டு, தேர், தெப்பக்குளம் போன்றவை. கோப்புக்குப் பெயரிடும்போது ஊர், கோயில், படத்தில் இருப்பது இன்னதென்பது மூன்றையும் எழுதுங்கள். விளக்கமில்லாத படத்தைத் தேடி எடுப்பவர் எவரும் இல்லை. படம் எடுக்கத் தடை உள்ள சன்னதிகளில் அத்தடையை மதித்தல் வேண்டும்.

ஆங்கிலக் கட்டுரையைக் கணினி மொழிபெயர்ப்பில் தமிழாக்கி அப்படியே ஏற்றலாமா?
– வாசகர், சென்னை

அப்படியே ஏற்றக் கூடாது. கணினி தருவதை முதல் வரைவாகக் கொள்வதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துத் தமிழாகத் திருத்துவதும், மூலத்தின் மேற்கோள்கள் அந்தச் செய்தியை உண்மையிலேயே தாங்குகின்றனவா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. எந்தக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்தீர்கள் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில்) குறிப்பிடுவது உரிம விதி. பத்துக் கட்டுரைகளை அவசரமாக ஏற்றிப் பிறர் தலையில் திருத்த வேலையைச் சுமத்துவதைவிட, ஒன்றைச் செம்மையாக முடிப்பதே மேல்.

வீட்டு வேலைகள் முடிந்த பின் இரவில் அரைமணி நேரம்தான் கிடைக்கிறது. நூலகத்துக்குச் சென்று சான்று தேட வழியில்லை. நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?
– வாசகி, மதுரை

உங்களுக்கு விக்கிமூலம் மிகப் பொருத்தம், அம்மா. அது விக்கிப்பீடியாவின் உடன்பிறப்புத் திட்டம். காப்புரிமை நீங்கிய நூல்களை எழுத்து வடிவில் தேடிப் படிக்கும்படி சேர்த்து வைப்பது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பலவும் அங்கே உள்ளன. அச்சுப் பக்கத்தின் படம் ஒரு புறமும், கணினி அதிலிருந்து படித்தெடுத்த எழுத்துகள் மறுபுறமும் தெரியும். கணினி 'ர'வைத் துணைக்காலாகவும் (ா), துணைக்காலை 'ர'வாகவும் அடிக்கடி மாற்றிப் படித்துவிடும். பழைய அச்சில் வரும் 'ணை', 'லை', 'னை' எழுத்துகளில் இன்னும் தடுமாறும். படத்தைப் பார்த்து அவற்றைத் திருத்துவதே வேலை. சான்று தேட வேண்டியதில்லை, மூலமே கண்முன் இருக்கிறது; கைப்பேசியில்கூடச் செய்யலாம், கணினித் திரை இருந்தால் கண்ணுக்கு எளிது.

அரைமணியில் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ முடியும். திருத்தி முடித்ததும் அந்தப் பக்கத்தை 'மெய்ப்புப் பார்க்கப்பட்டது' என்று குறித்தால் அது மஞ்சள் நிறம் பெறும். பின்னர் வேறொருவர் படித்துப் பார்த்துச் சரியென்று உறுதி செய்தால் பச்சையாகும். ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கத்தை அவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. ஆகவே உங்கள் தோழி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, ஒரே நூலை இருவரும் எடுத்துச் செய்தால் வேலை தேங்காமல் நடக்கும்.